எலும்புக்கும் பாய்க்கும் நடுவே

(படுக்கைப் புண் வரும் இடங்களில் தோலையும் இரத்தக் குழாய்களையும் படம்பிடித்துப் பார்ப்பது குறித்து திண்டுக்கல் அருகே அகரத்தில் நிகழ்ந்த சொற்பொழிவு)



இன்றைய பேச்சு படுக்கைப் புண்ணைப் பற்றியது. வந்த புண்ணுக்கு என்ன மருந்து போடுவது என்று மருத்துவர்கள் சொல்வார்கள். புண் வருவதற்கு முன்னால் தோலுக்கு அடியில் என்ன நடக்கிறது, அதைப் படம்பிடித்துப் பார்க்க முடியுமா, பார்த்தவர்கள் என்ன கண்டார்கள் என்பதுதான் இங்கே விஷயம். ஒரு வீட்டில் பெரியவர் பக்கவாதத்தில் விழுகிறார். இன்னொரு வீட்டில் இளைஞர் ஒருவர் தென்னையிலிருந்து தவறி விழுந்து முதுகுத்தண்டு முறிந்து கிடக்கிறார். நான்குவழிச் சாலையில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் வீடு திரும்புபவர்களும் இருக்கிறார்கள். சில வாரம் கழித்து, ஒரு நாள் காலையில் துணி மாற்றும்போது, இடுப்புக்குக் கீழே வால் எலும்புக்கு மேற்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்துக் கிடப்பதை வீட்டார் பார்க்கிறார்கள். "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு" என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். மேலே நேற்று வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. உள்ளே கெட்டுப்போய்ச் சில நாட்கள் ஆகியிருக்கும்.

எலும்பு எங்கே தோலுக்கு மிக அருகில் வந்து நிற்கிறதோ அங்கேதான் இந்தப் புண் வரும். மல்லாந்து படுத்தால் பின்மண்டை, தோள்பட்டை எலும்பு, முழங்கை, இடுப்பின் பின்பக்கம், குதிகால். ஒருக்களித்துப் படுத்தால் காது மடல், தொடை எலும்பின் மேல்முண்டு, கணுக்கால். உட்கார்ந்தால் பிட்டத்துக்குள் இருக்கும் இரண்டு உட்கார் எலும்புகள். வசதியில்லாத வீட்டில்தான் வரும் என்று யாரும் நினைக்க வேண்டாம். சூப்பர்மேன் படங்களில் நடித்த கிறிஸ்டோபர் ரீவ் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். உலகத்தில் கிடைக்கும் எல்லாப் பராமரிப்பும் அவருக்குக் கிடைத்தது. 2004 அக்டோபரில் அவர் இறந்தபோது, அழுத்தப் புண்ணில் ஏறிய தொற்றுக்குத்தான் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தார்.

எல்லோருக்கும் எலும்பு இருக்கிறது, எல்லோரும் படுக்கத்தான் செய்கிறார்கள். சிலருக்கு மட்டும் ஏன் வருகிறது?

1930-ல் யூஜீன் லாண்டிஸ் என்ற அமெரிக்க உடலியல் ஆய்வாளர், நகக்கண் ஓரத்துத் தோலில் ஓடும் தந்துகிக்குள் கண்ணாடி ஊசியைச் செலுத்தி இரத்தத்தின் அழுத்தத்தை அளந்தார். தந்துகி என்பது உடம்பிலேயே மிக மெல்லிய இரத்தக் குழாய். ஒரு சிவப்பணு நுழைந்து போகிற அகலம்தான் அதற்கு. தமனிப் பக்கத்தில் சராசரியாக 32 மில்லிமீட்டர் பாதரசம், சிரைப் பக்கத்தில் 12 என்று அவர் கண்டார். கையில் பட்டை கட்டிப் பார்த்து 120, 80 என்று சொல்கிறார்களே, அதே அளவுகோல்தான் இதுவும். கட்டாந்தரையில் ஒருவர் உட்கார்ந்தால் உட்கார் எலும்புக்கு அடியில் அழுத்தம் 100-ஐ எளிதாகத் தாண்டிவிடும். குழாய்க்குள் 32, வெளியிலிருந்து அமுக்குவது 100. குழாய் மூடிக்கொள்ளும், சதைக்கு இரத்தம் போகாது. ஆனாலும் நல்ல உடம்புக்காரருக்கு ஒன்றும் ஆவதில்லை, ஏனென்றால் அவர் நெளிகிறார். இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் பேச்சு தொடங்கியதிலிருந்து எத்தனை முறை இடம் மாற்றி உட்கார்ந்திருப்பார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. தூக்கத்திலும் உடம்பு புரண்டுகொண்டுதான் இருக்கிறது. நரம்பு அறுந்தவருக்கு அந்த உறுத்தல் மூளைக்குப் போய்ச் சேர்வதில்லை. மிகத் தளர்ந்த முதியவருக்கு உறுத்தல் தெரியும், புரளத் தெம்பிருக்காது.

லாண்டிஸின் 32 பிறகு எங்கெங்கோ போய்ச் சேர்ந்தது. "எங்கள் மெத்தையில் அழுத்தம் 32-க்குக் கீழே" என்று மெத்தைக்காரர்களே சொல்லும் அளவுக்கு வந்தது. விரல் நுனியில் எடுத்த அளவைக் குதிகாலுக்கும் பிட்டத்துக்கும் அப்படியே பொருத்துவது தவறு. எவ்வளவு அழுத்தம் என்பதைப் போலவே எவ்வளவு நேரம் என்பதும் முக்கியம் என்று மைக்கேல் கோசியாக் 1959-ல் நாய்களில் சோதித்துக் காட்டினார். பெரிய அழுத்தம் கொஞ்ச நேரத்தில் செய்யும் கேட்டை, சிறிய அழுத்தம் பல மணி நேரத்தில் செய்துவிடுகிறது.

1981-ல் ரோலின் டேனியல் குழுவினர் பன்றிகளில் செய்த சோதனைதான் இந்தத் துறையின் பார்வையைத் திருப்பியது. மேலிருந்து அமுக்கினாலும் முதலில் செத்தது தோல் இல்லை. எலும்பை ஒட்டிய தசை. தசைக்கு இரத்தம் அதிகம் வேண்டும், பட்டினி தாங்காது. தோல் தாங்கும். அதனால் சிலருக்குப் புண் அடியிலிருந்து மேலே வருகிறது. மேலே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தெரியும்போது உள்ளே ஒரு கைப்பிடிக் குழி இருக்கலாம். ஈரத்தாலும் உராய்வாலும் மேலிருந்து கீழே போகிற புண்ணும் உண்டு. இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு. வெறும் கண்ணால் இரண்டாவது வகையின் தொடக்கத்தைப் பார்க்கலாம். முதல் வகையைப் பார்க்கவே முடியாது. படம்பிடிக்கும் கருவிகள் தேவைப்பட்ட இடம் இதுதான்.

தோல் என்றால் என்ன என்பதை இந்த வட்டாரத்துக்காரர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. திண்டுக்கல் தோல் ஷாப்புகளில் வேலை பார்த்த குடும்பங்கள் இங்கே பல. அந்தத் தொழிலாளர்களின் வாழ்க்கையை எழுதிய டி.செல்வராஜின் 'தோல்' நாவல் 2012-க்கான சாகித்திய அகாதமி விருதைப் பெற்றது. சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்த பிறகு மேலே இருக்கும் மயிரும் மெல்லிய படலமும் கழன்று போகும், அடியில் ஒட்டியிருக்கும் சவ்வைச் சீவி எறிவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். எஞ்சி நிற்கும் நடு அடுக்குதான் பதமாகிச் செருப்பாகிறது. மனிதத் தோலிலும் அதே மூன்று அடுக்குகள். மேல்தோல் பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. நடுத்தோல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். அதற்குக் கீழே கொழுப்பு. மேல்தோலில் இரத்தக் குழாயே கிடையாது. நடுத்தோலின் மேல்முகத்தில் சின்னச் சின்ன மேடுகள் எழுந்து நிற்க, ஒவ்வொரு மேட்டுக்குள்ளும் ஒரு தந்துகி கொண்டை ஊசி போல வளைந்து ஏறி இறங்குகிறது. அந்த வளைவுகளுக்கு இரத்தம் தருவது கீழே இருக்கும் ஒரு வலைப்பின்னல். அதற்கும் கீழே, கொழுப்பின் எல்லையில், பெரிய குழாய்களின் இன்னொரு வலை.

நடுத்தோலைத் தாங்கி நிற்கும் புரதம் கொலாஜன். அதன் வடிவத்தை உலகுக்குச் சொன்னது சென்னைதான். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைமையேற்ற ஜி.என்.ராமச்சந்திரனுக்கு அப்போது 30 வயது. பக்கத்திலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம். கங்காரு வாலின் தசைநாரிலிருந்து எடுத்த கொலாஜனை ஊடுகதிரில் படமெடுத்து, மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட கயிறுதான் அது என்று கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார். அதோடு நிற்கவில்லை. 1971-ல் ஏ.வி.லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து, பல கோணங்களில் எடுத்த ஊடுகதிர் நிழல்களிலிருந்து உடம்பின் குறுக்குவெட்டுப் படத்தைக் கட்டியெழுப்பும் கணக்குமுறை ஒன்றை வெளியிட்டார். சி.டி. ஸ்கேன் இயந்திரங்கள் படத்தை உருவாக்குவதற்கு அந்த வகைக் கணக்குதான் பல ஆண்டுகள் அடித்தளமாக இருந்தது. தோலின் கட்டமைப்பும் உடம்பின் உள்ளே பார்க்கும் வழியும் ஒரே மனிதரின் கையில் சேர்ந்திருந்தன என்பதை நம் பள்ளிக்கூடங்களில் இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

இனிக் கருவிகளுக்கு வருவோம். முதலில் அல்ட்ராசவுண்ட். கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் அதே ஒலி அலைதான். வயிற்றுக்கு 3 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரை போதும், ஆழமாகப் போக வேண்டும். தோலுக்கு 20 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு ஏற்றினால் ஆழம் ஒரு சென்டிமீட்டருக்குள் சுருங்கிவிடும், ஆனால் மேல்தோல், நடுத்தோல், கொழுப்பு என்று அடுக்கடுக்காகப் பிரிந்து தெரியும். நல்ல நடுத்தோல் படத்தில் வெளிச்சமாகத் தெரியும். அங்கே நீர் கோத்துக்கொண்டால் ஒலி எதிரொலிப்பது குறைந்து கறுப்புத் திட்டுகள் விழும். வெளியே தோல் முழுசாக இருக்கும்போதே இந்தத் திட்டுகளைக் காண முடிகிறது. ஜப்பானில் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஹிரோமி சனாடா போன்ற செவிலிய அறிஞர்கள் இந்தக் கருவியைச் செவிலியர் கையிலேயே கொடுத்தார்கள். கதிரியக்கத் துறைக்கு நோயாளியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியதில்லை, படுக்கை ஓரத்திலேயே பார்க்கலாம். மருத்துவமனையில் நோயாளியின் முதுகைத் தினமும் பார்ப்பவர் செவிலியர்தான் என்பதால் அது மிகச் சரியான முடிவு.

இரண்டாவது கருவி இங்கே பலருக்குப் பழக்கமானது, பெயர் மட்டும் நினைவிருக்காது. சர்க்கரை நோய்க்காரர்கள் மதுரை அரவிந்த் போன்ற கண் மருத்துவமனைக்குப் போனால் தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, உள்ளே ஒரு வெளிச்சத்தைப் பார்க்கச் சொல்வார்கள். விழித்திரையின் அடுக்குகள் திரையில் வரும். அதுதான் ஓ.சி.டி. 1991-ல் டேவிட் ஹுவாங், ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ உள்ளிட்டோர் அமெரிக்காவில் அறிமுகப்படுத்தியது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, அது எந்த ஆழத்திலிருந்து திரும்பி வருகிறது என்பதை வைத்துப் படம் வரைகிறது. தோலில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழம்தான் போகும், ஆனால் ஒரு மில்லிமீட்டரை நூறு பங்காக்கினால் வரும் நுணுக்கம்வரை காட்டும். பிறகு வந்த ஒரு முன்னேற்றம் இன்னும் அழகானது. ஒரே இடத்தை அடுத்தடுத்துப் படமெடுத்து ஒப்பிடுவார்கள். அசையாத தோல் இரண்டு படத்திலும் ஒன்றுபோல இருக்கும், ஓடுகிற இரத்தம் மட்டும் மாறியிருக்கும். மாறியதை மட்டும் எடுத்துக் கோத்தால் இரத்தக் குழாய்களின் வரைபடம் கிடைத்துவிடும். ஊசி வேண்டாம், சாயம் வேண்டாம். குழாய் எத்தனை அடர்த்தி, எவ்வளவு தடிப்பு, எந்த ஆழம் என்று எண்ணிச் சொல்லலாம்.

புண் வரும் இடங்களை இப்படிப் பார்க்கும்போது ஓர் உண்மை தெளிவாகிறது: அழுத்தம் என்ற எதிரி ஒன்றுதான் என்றாலும், எதிர்த்து நிற்கும் தோல் இடத்துக்கு இடம் வேறு. குதிகாலில் மேல்தோலின் காய்ப்பு மிகத் தடிமன். செருப்பில்லாமல் வயலில் நடந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அந்தக் காய்ப்பைத் தாண்டுவதற்குள் ஓ.சி.டி.யின் ஒளி பெரும்பகுதி தீர்ந்துவிடும், இரத்தக் குழாய்கள் சரியாகத் தெரியாது. அங்கே ஒலி அலைதான் கைகொடுக்கும். காய்ப்புக்கு அடியில் கொழுப்பு சிறு சிறு அறைகளாக அடைபட்டு ஒரு திண்டு போல இருக்கிறது, அதன் மேல் நேராகக் குதி எலும்பு. நடப்பதற்காக அமைந்த திண்டு அது. மணிக்கணக்கில் ஒரே புள்ளியில் அழுந்திக் கிடப்பதற்கு ஏற்றதல்ல. இடுப்பின் பின்பக்கத்திலோ மேல்தோல் மெல்லியது, எலும்புத் தகடு அருகில், வியர்வையும் சிறுநீரும் தேங்கும் இடம். ஒளி அங்கே நன்றாக இறங்கும், வலைப்பின்னல் தெரியும். வயதாக ஆக, மேல்தோலும் நடுத்தோலும் பல்லுக்குப் பல் கோத்துக்கொண்டிருந்த மேடுபள்ளம் தட்டையாகிவிடும். கொண்டை ஊசி வளைவுகள் குறைந்துபோகும். பிடிமானமும் போய் இரத்தமும் குறைந்த தோல் அது. முதியவரைப் படுக்கையில் இழுத்து நகர்த்தினாலே தோல் உரிந்து வருவது இதனால்தான்.

உட்காரும் இடத்தின் கதை தனி. இஸ்ரேலில் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் அமித் கெஃபென் குழுவினர், ஆட்களை உட்கார்ந்த நிலையிலேயே எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அதிகமாக நசுங்குவது தோல் அல்ல, உட்கார் எலும்பை ஒட்டிய தசை என்பது படத்திலேயே தெரிந்தது. முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு நாளாக நாளாக அந்தத் தசை வற்றிவிடும். எலும்புக்கும் இருக்கைக்கும் நடுவே இருந்த மெத்தையே மெலிந்துபோகிறது. முதலாண்டில் போதுமானதாக இருந்த குஷன் ஐந்தாம் ஆண்டில் போதாமல் போகலாம். குஷனை ஒருமுறை வாங்கிப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இரத்த ஓட்டத்தை நேரடியாக அளக்கவும் வழி உண்டு. 1975-ல் மைக்கேல் ஸ்டெர்ன் விவரித்த லேசர் டாப்ளர் முறையில், ஓடுகிற சிவப்பணுவில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வெண் சற்றே மாறும். அந்த மாற்றத்திலிருந்து ஓட்டத்தைக் கணிக்கலாம். அமுக்கி எடுத்த பிறகு நல்ல தோலில் இரத்தம் வேகமாகப் பாய்ந்து வந்து, கொஞ்ச நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பும். பாய்ச்சல் தாமதமாக வந்தாலோ, வந்தது அடங்காமல் நீண்டாலோ, அந்த இடம் அபாயத்தில் இருக்கிறது. சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் கையை ஊன்றி உடம்பைத் தூக்கி அழுத்தத்தை விடுவிக்க வேண்டும் என்று காலங்காலமாகச் சொல்லித் தருகிறார்கள். கால் நிமிடம், அரை நிமிடம் தூக்கினால் போதும் என்பது பழைய பாடம். தோலில் ஆக்சிஜனை அளந்து பார்த்த ஓர் ஆய்வு 2003-ல் வெளியானது. பழைய அளவுக்கு ஆக்சிஜன் திரும்புவதற்குச் சராசரியாகக் கிட்டத்தட்ட 2 நிமிடம் ஆகிறது என்று அது சொன்னது. இரண்டு நிமிடம் கையில் உடம்பைத் தாங்க யாரால் முடியும்? முன்பக்கம் குனிந்து மேசையில் சாய்வதும், பக்கவாட்டில் சாய்வதும் அதே வேலையைச் செய்யும், அதிக நேரம் இருக்கவும் முடியும். அளந்து பார்த்ததால் கிடைத்த பாடம் இது. கருவிகள் ஆராய்ச்சிக்கூடத்துக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இப்போது மிக முக்கியமான விஷயம். படுக்கைப் புண்ணின் முதல் நிலை என்ன என்று உலகம் முழுவதும் பாடப் புத்தகங்கள் சொல்வது: விரலால் அமுக்கினாலும் வெளுக்காத சிவப்பு. ஐரோப்பியத் தோலைப் பார்த்து எழுதிய இலக்கணம் அது. அகரத்து வெயிலில் வேலை செய்த ஒரு விவசாயியின் முதுகில் சிவப்பைத் தேடினால் எங்கே தெரியும்? மெலனின் என்ற கருநிறமி மேல்தோலில் இருந்துகொண்டு கண்ணுக்குத் தெரியும் ஒளியை விழுங்கிவிடுகிறது. கீழே இரத்தம் தேங்கிச் சிவந்திருந்தாலும் அந்தச் சிவப்பு வெளியே வருவதில்லை. அமெரிக்க முதியோர் இல்லங்களின் பதிவுகளில் கறுப்பினத்தவருக்கு முதல் நிலைப் புண் குறைவாகவும், ஆழமான புண் அதிகமாகவும் பதிவாகியிருக்கிறது. முதல் நிலை அவர்களுக்கு வராமல் இல்லை. பார்ப்பவர் கண்ணில் படாமல் போய்விட்டது.

கருவிகளும் இதில் குற்றமற்றவை அல்ல. விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் சிறு கருவி கொரோனா காலத்தில் நம் வீடுகளுக்கெல்லாம் வந்தது. கறுப்பினத்தவர்களுக்கு அது உண்மையைவிட அதிகமாகக் காட்டி, ஆக்சிஜன் குறைவை மறைத்துவிடுகிறது என்று 2020 டிசம்பரில் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வு சொன்னது. வெள்ளையர்களோடு ஒப்பிட்டால் அப்படித் தவறவிடுவது ஏறத்தாழ மூன்று மடங்கு. தோலின் நிறத்தை ஆறு வகையாகப் பிரிக்கும் ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோலும் 1975-ல் வெள்ளைத் தோலுக்காகத் தொடங்கியதுதான். பழுப்பும் கறுப்பும் பின்னால் சேர்த்துக்கொள்ளப்பட்டவை.

அதனால் எந்தக் கருவி நம் தோலுக்குப் பொருந்தும் என்று நாமே கேட்க வேண்டும். ஒலி அலைக்கு நிறம் தெரியாது. ஓ.சி.டி. தோலுக்குப் பயன்படுத்தும் 1300 நானோமீட்டர் அளவிலான ஒளியை மெலனின் மிகக் குறைவாகவே தடுக்கிறது. தோலுக்கு அடியில் கூடும் ஈரத்தை மின்புலத்தின் மூலம் அளக்கும் சிறு கைக்கருவி ஒன்று இப்போது மேல்நாட்டு மருத்துவமனைகளில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவதற்குச் சில நாட்கள் முன்பே அது எச்சரிக்கிறது, அதற்கும் நிறம் பொருட்டல்ல. வெப்பத்தைப் படம்பிடிக்கும் கேமராவும் அப்படித்தான். சூட்டுக்குக் கறுப்பு வெள்ளை கிடையாது.

வெப்பம் என்றதும் சொல்ல வேண்டிய பெயர் பால் பிராண்ட். 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர், மிஷனரி பெற்றோரின் பிள்ளை. 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளிகளின் பாதம் நோயால் தானாகவே அழுகி உதிர்கிறது என்றுதான் அன்று எல்லோரும் நம்பினார்கள். பிராண்ட் அவர்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு காயமும் எப்படி வந்தது என்று துருவினார். வலி தெரியாததால் ஒரே இடத்தில் அழுத்தம் திரும்பத் திரும்ப விழுந்து வந்த புண் அது என்று நிறுவினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடந்த வாதமும் இதே வாதம்தான். நரம்பு கெட்டால் படுக்கைப் புண் வந்தே தீரும் என்றார் நரம்பியல் மருத்துவர் ஷார்கோ. அழுத்தமும் ஈரமும்தான் காரணம், தடுக்கலாம் என்றார் உடலியல் ஆய்வாளர் பிரவுன் செகார். 1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன், முதுகுத்தண்டு முறிந்த வீரர்களை இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்து, பிரவுன் செகார் சொன்னதே சரி என்று காட்டினார். பிராண்ட் அதையே வேலூரின் பாதங்களில் கண்டார். வேலூரை அடுத்த கரிகிரியில் செய்த மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்பு அந்தப் புரிதலின் பலன். எம்.சி.ஆர். செருப்பு என்ற பெயரில் இன்றும் அரசு அதை வழங்குகிறது. 1966-ல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போன பிறகு, நோயாளிகள் நடந்து வந்ததும் பாதத்தை வெப்பப் படமெடுத்து எந்த இடம் சூடாகிறது என்று பார்த்தார். சூடான இடம் நாளைக்குப் புண்ணாகும் இடம். வேலூரில் கையால் தொட்டு உணர்ந்ததைக் கருவி படமாகக் காட்டியது.

அதே வேலூரில் பிராண்டின் மாணவியான மேரி வர்கீஸ் 1954-ல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூர் பாகாயத்தில் 1966-ல் மறுவாழ்வு மையம் திறக்கக் காரணமாக இருந்தார். 1972-ல் பத்மஸ்ரீ பெற்றார். தென்காசி அருகே ஆய்க்குடியில் 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ்.ராமகிருஷ்ணனும், திருவண்ணாமலையில் சோல்ஃப்ரீ அமைப்பை நடத்தும் முன்னாள் கிரிக்கெட் வீராங்கனை பிரீத்தி சீனிவாசனும் அந்தப் பாதையில் வந்தவர்கள்தான். 2019-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் சுஜாதா சீனிவாசன் குழுவினர் வெளியிட்ட 'அரைஸ்' நாற்காலி உட்கார்ந்தவரை எழுந்து நிற்க வைக்கிறது. நிற்கும் நேரமெல்லாம் உட்கார் எலும்புக்கு ஓய்வு.

நம் ஊருக்கு இதெல்லாம் எப்போது வரும் என்ற கேள்வி நியாயமானது. வரும் வரைக்கும் சும்மா இருக்கத் தேவையில்லை. கருவிகள் தேடுவது நான்கே விஷயங்களை: சூடு, ஈரம், கெட்டித்தன்மை, இரத்த ஓட்டம். முதல் மூன்றையும் கை கண்டுபிடிக்கும். தினமும் குளிப்பாட்டும் நேரத்தில் இடுப்பின் பின்பக்கத்தையும் இரண்டு குதிகாலையும் புறங்கையால் தொட்டுப் பக்கத்துத் தோலோடு ஒப்பிடுங்கள். சூடாகவோ சில்லென்றோ, கல் போலவோ கொழகொழவென்றோ இருந்தால், சுற்றியுள்ளதைவிடக் கறுத்தோ ஊதா நிறமாகவோ பளபளவென்றோ தெரிந்தால், அந்தப் பக்கம் அழுத்தம் படாமல் படுக்க வைத்துவிட்டுச் செவிலியரைக் கூப்பிடுங்கள். அந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது. நசுங்கிய குழாய்களைத் தேய்த்தால் மேலும் கிழியும். காற்றடைத்த வளையம் வேண்டாம், அதன் விளிம்பே சுற்றிலும் அழுத்தி இரத்தத்தைத் தடுக்கும். குதிகாலுக்கு அடியில் கையுறையில் தண்ணீர் நிரப்பி வைக்கும் பழக்கம் பல வார்டுகளில் இருக்கிறது, அதையும் விட்டுவிடலாம். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்து, குதிகால் எதன்மேலும் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி செய்தால் போதும். தலைப்பக்கத்தை 30 பாகைக்கு மேல் உயர்த்தி வெகுநேரம் வைத்தால் உடம்பு கீழே சரியும், தோல் மெத்தையோடு ஒட்டி நிற்கும், நடுவில் குழாய்கள் முறுக்கிக்கொள்ளும். சாப்பாடு கொடுத்துக் கொஞ்ச நேரம் கழித்து இறக்கிவிடுங்கள்.

மருத்துவத்தை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோவது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. டாக்டர் சௌந்தரம் 1947-ல் காந்திகிராமத்தைத் தொடங்கியதே அதற்காகவும்தான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டிலேயே வலி தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் கிடைக்கின்றன. அந்த ஊழியர்கள் வீட்டுக்கு வரும்போது இரத்த அழுத்தத்தோடு நோயாளியின் குதிகாலையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இன்னொரு வேண்டுகோள் மருத்துவக் கல்லூரிக்கு. திண்டுக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட 11 கல்லூரிகளில் அதுவும் ஒன்று. அல்ட்ராசவுண்ட் கருவி எந்த அரசு மருத்துவமனைக்கும் புதிதல்ல. தசைக்கும் நரம்புக்கும் பயன்படுத்தும் அதன் தட்டைக் கைப்பிடியை வைத்து, நம் ஊர்க்காரர்களின் இடுப்புத் தோலும் குதிகாலும் 30 வயதில் எப்படி இருக்கின்றன, 70 வயதில் எப்படி இருக்கின்றன, வயலில் உழைத்தவருக்கு எப்படி, நூற்பாலையில் நின்றவருக்கு எப்படி என்று பதிவுசெய்யத் தொடங்கலாம். நல்ல தோல் எப்படி இருக்கும் என்ற கணக்கு கையில் இருந்தால்தான் கெடத் தொடங்கிய தோலை அடையாளம் காண முடியும். மாநிறத் தோலுக்கும் கறுப்புத் தோலுக்கும் அந்தக் கணக்கு உலகத்திலேயே குறைவாகத்தான் இருக்கிறது. மாணவர்கள் அந்த வேலையை எடுத்துக்கொள்ளட்டும், அகரத்துக்காரர்கள் முதுகைக் காட்ட முன்வரட்டும்.